கலண்டர் கிடைக்காத வருடம்

தம்பி,

நீ வாங்கப்போகும் கார் என்ன நிறம் என்று கேட்க மறந்துவிட்டேன். போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. அதோடு வேறு சில நினைவுகளும் வந்தன. அவற்றையெல்லாம் போனில் சொல்ல எனக்கு வராது. ஆள் முன்னால் நின்று நாலு வார்த்தை பேசுவதற்குள் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டங்களில் நான் பேசியதெல்லாம் “சரிங்க டீச்சர்” மட்டும்தான் என்று நீயே கேலி செய்திருக்கிறாய். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை. அப்பா முன்னறையில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னொரு தாள் எடுப்பதைப் பார்த்து, “மகனுக்கு லெட்டர் எழுதுறியா, இல்ல புக்கு போடுறியா?” என்று கேட்டார். இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நீ பெர்த்துக்குப் போன பிறகு இன்னும் ஒரு தீபாவளிகூட வரவில்லை. எல்லையோரக் கெலாங் பாத்தாவில் அறை எடுத்துத் தங்கி, விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு ஏர்கோன் வேலைக்குப் போய்வந்த காலத்தில், கடன் என்பது உனக்கு ஒரு சங்கதியாகவே இருந்ததில்லை. மோட்டார் சைக்கிள் தவணையை ஒரு மாதமும் தள்ளாமல் கட்டி முடித்தாய். அந்த ஒழுங்கு எதுவும் விமானத்தில் உன்னோடு ஏறவில்லை என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டாய். கார்க் கடனுக்குப் போன இடத்தில், உங்களைப் பற்றி எங்களிடம் ஒரு பதிவும் இல்லையே என்று சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். கெட்டவன் என்று பதிவு இருந்தால்கூட உட்காரவைத்துப் பேசியிருப்பார்கள் போலிருக்கிறது என்று நீ சொன்னபோது உன் குரல் இறங்கிப்போயிருந்தது. வேலை நடக்கும் இடத்துக்கு அதிகாலையில் பஸ் இல்லை. யாராவது ஏற்றிக்கொண்டு போனால்தான் அன்றைக்கு வேலை. இந்த நேரத்தில்தான் நம் லாபிஸ் ஊர்க்காரரான சேகர் அண்ணன், அங்கே குடியேறி நல்லபடியாக இருப்பவர், தன் பெயரில் கார் எடுத்துத் தருவதாகவும் நீ மாதாமாதம் தன்னிடம் கட்டினால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார். வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் போகப்போகிறீர்கள். “உங்களுக்குச் சந்தோஷம்தானம்மா?” என்று கேட்டாய். “ம்” என்றேன். அந்த “ம்” முழு மனதோடு வரவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். (சேகர் என்பது அவருடைய உண்மையான பெயர் இல்லை. உன்னைப் போலப் புறப்பட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறைய இருப்பதால், இதை ஞாயிறு பத்திரிகைக்கும் அனுப்பலாம் என்று இருக்கிறேன். அதனால் பெயர்களை மாற்றிவிட்டேன். மனிதர் தங்கமானவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.)

நானும் ஒரு நாட்டுக்குப் புதிதாக வந்தவள்தான். நீ கண் திறந்ததிலிருந்து என்னை இந்த ஊர்க்காரியாகவே பார்த்ததால் உனக்கு அது நினைவிருக்காது. தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அம்மா படுக்கையில் விழுந்ததும் வீட்டைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது, ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. உன் அப்பாவின் தாத்தா எங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறியவர். அந்தத் தொடர்பு அறுந்துபோகாமல் இருந்ததில் எனக்குக் கல்யாணம் கூடியது. பத்தொன்பது வயதில், சாஆ என்ற சின்ன டவுனுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், வரிசையாக இருந்த தொழிலாளர் வீடுகளில் கடைசி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அப்பா அப்போது பழக்குலை ஏற்றும் லாரியில் வேலை. யாராவது எதிரே வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் என்னை வளைத்துக்கொண்டு, “ஊர்ப் பொண்ணு வாய பிளேன்லயே விட்டுட்டு வந்துருச்சு” என்பார்கள். அதற்கும் சிரிக்க மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சரோஜா அக்காதான் அவர்களை விரட்டுவார். தோட்டத்தில் உரம் போடும் வேலை, புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அவர் வீட்டுக்குள் பேசினால் நம் வீட்டில் பாத்திரம் அதிரும்.

சாமான் வாங்க வாரம் ஒருமுறை சாஆ டவுனுக்குப் போவோம். அங்கே ஆ மெங் என்ற சீனர் கடை வைத்திருந்தார். கடை முதலாளியைத் தவுக்கே என்பதுதான் இங்கே வழக்கம், அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி நம் தமிழை ஒரு மாதிரி பிய்த்துப்போட்டுப் பேசுவார். பெண்கள் அரிசி, பருப்பு, நெத்திலி எல்லாம் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, “எழுதிக்குங்க தவுக்கே” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சம்பள நாளில் வந்து கட்டுவார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே கூச்சமாக இருக்கும். என் அப்பா ஒரு காலத்தில் கடன் பட்டு, கொடுத்தவர் வீட்டு வாசலில் நடக்க முடியாமல் கண்மாய்க்கரையைச் சுற்றிக்கொண்டு போய்வந்தவர். அவர் பின்னால் நானும் சுற்றி நடந்திருக்கிறேன். முள்ளும் கல்லுமான அந்த வழி மனதில் இருந்ததால், புது நாட்டில் யாருக்கும் ஒரு காசுகூடப் பாக்கி வைக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். உன் அப்பா கொடுக்கும் பணத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போவேன். அதற்குள் அடங்குவதை மட்டும் விரலால் காட்டி வாங்குவேன், கையோடு கொடுப்பேன், திரும்பிவிடுவேன். என்னைப் போல நல்ல வாடிக்கைக்காரி அந்தக் கடைக்கு வேறு யாரும் இருக்க முடியாது என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமைகூட இருந்தது.

வருடக் கடைசி வந்தது. தவுக்கே மேசைக்குப் பின்னால் கலண்டர்களைச் சுருட்டி ரப்பர் போட்டு அடுக்கிவைத்திருந்தார். நம் வீட்டுச் சமையலறையில் நீ பார்த்திருப்பாயே, குதிரைப் பந்தய நாட்களில் சின்னக் குதிரைப் படம் போட்டிருக்கும் அந்தக் கலண்டர்தான். கடைப் பெயரைக் கீழே சிவப்பில் அச்சடித்திருந்தார்கள். சாமானைக் கட்டும்போதே ஒவ்வொருவர் கூடையிலும் ஒன்றைச் செருகினார். சரோஜா அக்காவுக்கு ஒன்று, அடுத்து நின்ற பெண்ணுக்கு ஒன்று, அதற்கடுத்தவளுக்கும் ஒன்று. என் முறை வந்தபோது மிச்சக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார். நான் வெங்காயக் கூடையில் எதையோ தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வெளியே வந்துவிட்டேன். ஒரு கலண்டருக்கு அழுவார்களா என்று நீ கேட்கலாம். அந்த வயதில், அந்த ஊரில், என் வீட்டுச் சுவரில் மாட்ட ஒன்றும் இல்லாதபோது அழுகை வரத்தான் செய்தது.

செம்மண் பாதையில் பாதி தூரம் வந்த பிறகுதான் சரோஜா அக்கா என் கூடையைப் பார்த்தார். “உன் கலண்டர் எங்க புள்ள?” என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். “அலமாக்” என்று மலாய்க்காரர் மாதிரிப் பதறிவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து வந்த வழியே இழுத்துக்கொண்டு போனார். வேண்டாம் அக்கா, வேண்டாம் அக்கா என்று நான் முனகிக்கொண்டே போனது எனக்கு இப்போதும் கேட்கிறது. கடையில் ஆள் நிறைய இருந்தார்கள். அக்கா அதையெல்லாம் பார்ப்பவர் இல்லை.

“தவுக்கே, இந்தப் புள்ளைக்கு ஏன் கலண்டர் இல்ல? வாராவாரம் உங்க கடைக்குத்தானே வருது?”

தவுக்கே கோபப்படவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வருது. காசு குடுக்குது, சாமான் எடுக்குது, போயிடுது. ஒரு நாள்கூட கடன் எடுக்கல. நான் எப்படி தெரியும் லா, இது கட்டுற ஆளா, ஓடுற ஆளா?” என்றார்.

“கையோட காசு குடுக்குறவள பாத்து ஓடுற ஆளுங்குறீங்களே, இது நியாயமா?”

“காசு குடுக்குறப்ப எல்லாரும் நல்ல ஆளுதான், சரோஜா. உன்ன எனக்குத் தெரியும். மழைக் காலம் உன் சம்பளம் கொறையும், அப்பவும் நீ வந்து கட்டுவ. இந்தப் பொண்ணு நான் ஒண்ணும் தெரியாது.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தவுக்கே கலண்டர் தரவில்லை. அடுத்த வருடம் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு அந்த மனிதர்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. யோக்கியமாக இருப்பதற்குத் தண்டனையா என்று உன் அப்பாவிடம் பொருமினேன். அவர் கடகடவென்று சிரித்தார். நீ போன வாரம் போனில், அம்மா, நான் ஒரு தப்பும் பண்ணலியே, ஏன் என்னை நம்ப மாட்டேங்கிறாங்க என்று கேட்டாய் அல்லவா? எனக்கு அந்தச் செம்மண் பாதைதான் கண்ணில் வந்து நின்றது. தப்பு செய்யாமல் இருப்பது வேறு, நம்மைப் பார்த்துப் பழக அடுத்தவருக்கு ஒரு வழி கொடுப்பது வேறு. நான் யாருக்கும் அந்த வழியைத் திறந்துவிடவே இல்லை.

அடுத்த வாரம் நெத்திலியும் ஒரு பால் டின்னும் எடுத்து மேசையில் வைத்தேன். கைக்குட்டையில் பணம் இருந்தது. அதைத் தொடாமல், “எழுதிக்குங்க தவுக்கே” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. சரோஜா அக்கா என் விலாவில் இடித்தார். இன்னொரு தடவை சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே தோட்டத்து வேன் பிடித்துப் போய்ப் பணத்தை நீட்டினேன். தவுக்கே வாங்க மறுத்துவிட்டார். “சம்பள நாள் வா. இன்னைக்கு வாங்கினா நான் என்ன தெரியும்?” என்றார். கட்டுவேன் என்று சொன்ன நாளில் வந்து நிற்கிறேனா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. முன்கூட்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்வதில் அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. சம்பள நாளில் போனேன். அடுத்த மாதமும் போனேன். கைக்குள் அடங்குகிற அளவுக்கு மேல் ஒருபோதும் எழுதச் சொல்லவில்லை. சீனப் பெருநாளுக்கு மற்றவர்களுக்குக் கொடுத்த ஆரஞ்சுப் பழங்களில் எனக்கும் கொஞ்சம் வந்தது. வருடக் கடைசியில் ஒரு கலண்டர், ரப்பர் போட்டுச் சுருட்டியது. அதை மாட்ட ஆணி அடிக்கத் தெரியாமல் சுவரில் சிமெண்டைப் பெயர்த்துவிட்டேன். அந்தப் பள்ளத்தை உன் அப்பா ரொம்ப நாள் காட்டிக் காட்டிச் சிரித்தார்.

அந்தக் கலண்டர் பாதி கிழிவதற்குள் லாரியின் பின்கதவு விழுந்து அப்பாவின் கால் நசுங்கியது. இப்போது எண்ணெய் தேய்க்கிறாரே, அதே கால். பாதிச் சம்பளம்தான் வந்தது. சம்பள நாள் நெருங்க நெருங்க எனக்கு என் அப்பா நடந்த கண்மாய்க்கரைதான் நினைவு. சாஆவில் இன்னொரு கடை இருந்தது. அந்த வழியாகப் போனால் தவுக்கே கண்ணில் படாமல் போய்விடலாம் என்று மனம் கணக்குப் போட்டது. சரோஜா அக்கா இந்தத் தடவை என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். சம்பள நாளுக்கு முன்பே நான் தனியாகப் போனேன். எல்லோரும் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு, “தவுக்கே, வீட்டுக்காரருக்கு கால் முடியல. இந்த மாசம் பாதிதான் கட்ட முடியும். மீதிய அடுத்த மாசம் குடுத்துர்றேன்” என்றேன். இந்த நாட்டில் அதுவரை நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். அவர் காலைப் பற்றி விசாரித்தார். பிறகு என் கூடையைப் பார்த்து, பால் டின்னை மறந்துவிட்டாய் என்று சொல்லி அவரே எடுத்து வைத்தார். நான் மறக்கவில்லை, கட்டுப்படியாகாது என்று விட்டிருந்தேன். அது அவருக்கும் தெரியும். தம்பி, உனக்கும் ஒரு மாதம் அப்படி வரும். யாருக்கும் வராமல் இருப்பதில்லை. அன்றைக்கு அவர்கள் கூப்பிட்டுக் கேட்கும்வரை காத்திருக்காதே. நாள் வருவதற்கு முன்னால் நீயே கூப்பிட்டுச் சொல். எனக்கே முடிந்தது என்றால் உனக்கு முடியாதா?

இப்போது தையல் மெஷின் வாங்கிய கதைக்கு வருகிறேன். அப்பா கால் சரியாகிற வரைக்கும் நான் தைத்துச் சம்பாதிக்கலாம் என்று நினைத்தேன். ஊரில் ரவிக்கை தைக்கப் பழகியிருந்தேன். லாபிஸில் ஒரு தவணைக் கடையில் மோட்டார் வைத்த தையல் மெஷின் பார்த்துவைத்தோம். கடைக்காரர் ஐசி, அதாவது அடையாள அட்டை கேட்டார். எனக்கு அப்போது ஏது ஐசி? வருடாவருடம் முத்திரை குத்தி வாங்கும் விசாதான். அப்பா பெயரில் எடுக்கலாம் என்றால் அவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார் என்று மறுத்துவிட்டார்கள். சரோஜா அக்கா ஒன்றும் யோசிக்கவில்லை. “என் பேர்ல போட்டுக்க. நீ கட்டாம போனா நான் பக்கத்து வீட்லதானே இருக்கேன், வந்து மெஷின தூக்கிட்டுப் போறேன்” என்றார். இங்கே அது ஒரு பழக்கம். மோட்டார் சைக்கிள், பிரிட்ஜ், போன் என்று யார் யாரோ பயன்படுத்துவது வேறு யாரோ ஒருவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். கேட்கிறவர்களும் கூச்சப்படுவதில்லை, கொடுக்கிறவர்களும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்த மனசு பெரிய மனசுதான். சேகர் அண்ணனுக்கு இருப்பதும் அதே மனசுதான்.

மெஷின் வந்தது. தோட்டத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் என் வீட்டிலிருந்து ரவிக்கை போனது. நீ வயிற்றில் இருந்தபோதும் தைத்தேன், பிறந்து தொட்டிலில் கிடந்தபோதும் தைத்தேன். மெஷின் சத்தம் நின்றால் நீ அழ ஆரம்பித்துவிடுவாய். ஒவ்வொரு மாதமும் சொன்ன தேதியில் லாபிஸ் பஸ் ஏறிப் போய்க் கட்டிவிட்டு வருவேன். கட்டி முடித்த அன்றைக்குக் கடைக்காரர் எழுந்து நின்று, “சரோஜாகிட்ட சொல்லுங்க, இப்படி ஒரு கஸ்டமர் எனக்குக் கெடைச்சதில்ல” என்றார். நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து லாபிஸில் மலிவு விலை வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். சரோஜா அக்கா வங்கிக் கடனுக்குப் போனபோது, இதற்கு முன் எதையாவது தவணையில் வாங்கி ஒழுங்காகக் கட்டியதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். தவணைக் கடைக்காரர் கடிதம் கொடுத்தார். ஒரு மாதமும் பிந்தாமல் கட்டி முடித்தவர் என்று. கடன் கிடைத்தது. சரோஜா அக்கா லட்டு வாங்கிக்கொண்டு நேராக நம் வீட்டுக்குத்தான் வந்தார். வாசலிலேயே நின்று, “உன் காலு மிதிச்சதுக்கு எனக்கு வீடு கெடைச்சிருக்கு புள்ள” என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. அக்கா நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காத நாள் இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது, அதை மறைப்பானேன். அத்தனை மாதம் பஸ் ஏறியவள் நான். அந்தக் கடிதத்தில் என்னைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

அப்பாவுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். உன் சித்தப்பா மோட்டார் சைக்கிள் வாங்க அவர் தன் பெயரைக் கொடுத்தார். சித்தப்பா கொஞ்ச நாள் கட்டினார், பிறகு கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனவர் அதை அப்படியே விட்டுவிட்டார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தோட்டத்தை விட்டு வந்து லாபிஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டைச் சொந்தக்காரர் விற்கப்போகிறேன், நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள் என்று சொன்னபோதுதான் தெரிந்தது. வங்கியில் அப்பா பெயரைப் போட்டுப் பார்த்தவுடனேயே அந்த மோட்டார்க் கடன் வந்து நின்றது. இன்றுவரை அப்பா சித்தப்பாவிடம் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு நீ பார்த்திருக்கிறாயா?

மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். எனக்கு அப்போது சிவப்பு ஐசி கிடைத்திருந்தது. நிரந்தரமாகத் தங்கலாம், வங்கியும் ஏற்கும். ஆனால் உன்னிடம் பெர்த்தில் சொன்னதையே அன்றைக்கு என்னிடமும் சொன்னார்கள். உங்களைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே, புவான் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். இந்த நாட்டில் பிள்ளை பெற்று, சம்பாதித்து, ஒழுங்காகக் கட்டிய பிறகும் நான் தவுக்கே கடையில் கலண்டர் கிடைக்காமல் நின்ற அதே பெண்தான். வீட்டுச் சொந்தக்காரரிடம் போய், ஒரு வருடம் பொறுங்கள் என்று கேட்டேன். எனக்காகக் கேட்க யாரையும் அனுப்பவில்லை, நானே கேட்டேன். அவர் பொறுத்துக்கொண்டார், வாடகை எந்த மாதமும் பிந்தியதில்லை என்பதால். அந்த ஒரு வருடத்தில் வீட்டுப் போனை என் பெயருக்கு மாற்றினேன். தையல் காசை வாராவாரம் வங்கியில் போட்டேன். அதே தவணைக் கடையில், இந்தத் தடவை என் ஐசியைக் கொடுத்து, சின்ன பிரிட்ஜ் ஒன்று எடுத்தேன். பழைய பிரிட்ஜே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் புதியதன் தவணை எனக்குத் தேவையாக இருந்தது. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, “நீங்க சரோஜாவோட தங்கச்சிதானே?” என்றார். ஆமாம் என்றேன்.

உனக்கும் இதைத்தான் சொல்கிறேன். போன் உன் பெயரில் இருக்கட்டும். சின்ன அளவுக்கு ஒரு கார்டு கொடுத்தால் வாங்கிக்கொள். காய்கறிக்கும் அரிசிக்கும் மட்டும் அதைத் தேய், மாதம் முடிவதற்குள் முழுவதும் கட்டிவிடு. ஒரு இடத்தில் இல்லை என்றார்களே என்று ஆத்திரத்தில் பத்து இடத்தில் போய்க் கேட்காதே. சாஆவில் ஒரே நாளில் எல்லாக் கடையிலும் ஏறி இறங்குகிறவனைப் பார்த்தால் தவுக்கேமார்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள், அங்கேயும் அப்படித்தான் இருக்கும். கார் விஷயத்தில் என்ன செய்யலாம் என்று நேற்று சரோஜா அக்காவைத்தான் கேட்டேன். பின் தெருவில் அதே வீட்டில்தான் இருக்கிறார், குரல் மட்டும் கொஞ்சம் தணிந்திருக்கிறது. “அவன் பேர்லயே எடுக்கச் சொல்லு. சேகர பக்கத்துல ஜாமீனா உக்காரச் சொல்லு. சின்ன காரா கெடைச்சா சின்ன காரு. கெடைக்கலன்னா கொஞ்ச நாள் அடுத்தவன் வண்டியில தொத்திக்கிட்டுப் போகட்டும், என்ன கொறஞ்சிரப் போவுது?” என்றார். சேகர் அண்ணன் பெயரில் எடுத்து நீ நன்றாகக் கட்டினால் அது அவர் கட்டியதாகும். ஒரு மாதம் தவறினால் அவர் தவறியதாகும். முதலாவது நடந்தால் நீ என்னைப் போல நிற்பாய். இரண்டாவது நடந்தால் அவர் உன் அப்பாவைப் போல, ஒன்றும் கேட்காமல், உன்னோடு சாப்பிட உட்காராமல் போவார். அந்த நல்ல மனிதரை நீ இழக்கக் கூடாது. எனக்குப் பயம் காரைப் பற்றி இல்லை, அதைப் பற்றித்தான்.

கையெழுத்துப் போடப்போவது நீ. முடிவும் உன்னுடையதுதான். நாங்கள் கடைசியாக வங்கிக்குப் போன அந்த நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். உனக்கு நாலு வயது, என் மடியில் உட்கார்ந்திருந்தாய். எனக்கு ஒரு பக்கம் அப்பா, மறு பக்கம் ஜாமீன் போட வந்த சரோஜா அக்கா. நல்ல சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். எதிரே மலாய்க்காரப் பெண் அதிகாரி. கடன் வாங்குபவர் யார், உங்கள் பெயர் என்ன என்று கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. தாளில் எல்லாம் எழுதியிருக்கிறதே, எதற்குக் கேட்கிறார் என்று குனிந்துகொண்டேன். எப்போதும் போல அப்பா எனக்காகச் சொல்ல வாயெடுத்தார். சரோஜா அக்கா குறுக்கே கையை நீட்டி அவர் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். “அவளே சொல்லட்டும்” என்றார். நான் என் பெயரை, என் அப்பா பெயரோடு சேர்த்து, முழுதாகச் சொன்னேன். இந்த நாட்டில் அதை என் வாயால் ஒருவர் முன்னால் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை யாராவது எனக்காகச் சொல்லிவிடுவார்கள். நீ என்னை அண்ணாந்து பார்த்தாய். அம்மாவுக்கு அம்மா என்பதைத் தவிர வேறு ஒரு பெயர் இருக்கிறது என்று உனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதையே நீ உரக்கத் திருப்பிச் சொன்னாய். அதிகாரி சிரித்துவிட்டார். நீ இப்போது கடிதம் போட்டால் வந்து சேரப்போகும் வீடு அப்படித்தான் நமக்குக் கிடைத்தது.

சனிக்கிழமை அந்த மேசையில் உன் பெயரைக் கேட்பார்கள். சேகர் அண்ணன் அன்பில் முந்திக்கொண்டு தன் பெயரைச் சொல்லப் பார்ப்பார். அவர் முழங்காலில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டு, கோபித்துக்கொள்ள மாட்டார். நீயே சொல். அவர்களுக்கு நம் பெயர் முதல் தடவையில் பிடிபடாது. நிறுத்தி இன்னொரு முறை சொல். வெளியே வந்ததும் எனக்குப் போன் பண்ணு. கார் கிடைத்ததா என்றோ, என்ன நிறம் என்றோ முதலில் கேட்க மாட்டேன். உன் பெயரை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது என்றுதான் கேட்பேன்.

அம்மா
லாபிஸ்